தங்கையின் டிவிடெண்ட்

என் தங்கைக்கு வருடத்தில் ஒருமுறை டிவிடெண்டும் இரண்டு முறை வட்டியும் வரும். அவற்றை அனுப்பிவைக்கும் வேலை என்னுடையது. திருவனந்தபுரம் தம்பானூரில் இருக்கும் அலுவலகத்தில், யார் யாருக்கு எவ்வளவு என்று கணினியில் சரிபார்த்து, மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கி, பணம் போய்ச் சேரும்படி செய்வேன். தங்கையின் பெயர் வரும் வரியில் என் விரல் கொஞ்சம் நிற்கும். ஒரு பூஜ்யத்தைத் தட்டிவிட்டால் என்ன என்று தோன்றும். தட்டியதில்லை. தோன்றாத வருடமும் இல்லை.

பணம் ஏறியதும் போன் செய்வாள். "யக்கா, வந்துட்டு கேட்டியா. ரொம்ப நன்றி." என் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல நன்றி சொல்வாள். அதற்குப் பதில் நாலு அறை விட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

பொறாமை என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஆதங்கம், மனத்தாங்கல் என்றெல்லாம் பூசி மெழுக எனக்குப் பொறுமை கிடையாது. என் கணவரிடம் சொன்னால், "ஒனக்கு இப்ப என்ன கொறச்சல்?" என்பார். பக்கத்து வீட்டுக்காரன் விமானமே வாங்கினாலும் அவருக்கு வயிறு எரியாது. அப்படிப்பட்ட மனிதரோடு பொறாமையைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. அந்தக் குடும்பப் பொறுப்பையும் நானேதான் பார்க்க வேண்டியிருந்தது.

இதில் எரிச்சலுக்கு மேல் எரிச்சல் என்னவென்றால், தங்கையின் மாப்பிள்ளை முதலில் பெண் பார்க்க வந்தது என்னை. நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து தலையெடுத்த குடும்பம். எங்கள் கம்பெனிக்குச் சொந்தமான வங்கி சிறியதாக இருந்தபோதே அவருடைய அப்பா அதில் பணம் போட்டிருந்தார். பையனுக்கு வேலை இல்லை. தேடுவதாகவும் தெரியவில்லை. நான் அப்போதுதான் இந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். மாதச் சம்பளம் வாங்குகிற திமிர் எனக்கு நிறைய இருந்தது. வேலை இல்லாதவர் வேண்டாம் என்றேன். எல்லோரும் என்னை மெச்சினார்கள். அடுத்த சில வருடங்களில் எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, தங்கைக்கு வரன் பார்க்கும்போது அதே குடும்பம் மறுபடி கேட்டது. அவளிடம் விருப்பம் கேட்டார்கள். "சாப்பிட்டா தட்டைக் கழுவுவாரான்னு மட்டும் கேளுங்க" என்றாள். கழுவுவார் என்று தெரிந்தது. சரி என்றுவிட்டாள்.

மாமனார் காலமானதும் எங்கள் கம்பெனியின் ஷேர்களும், பாண்டு என்கிற கடன் பத்திரங்களும் அவர்களுக்கு வந்தன. அந்த வருடம் முதல் அவள் பெயர் என் கணினியிலும் வந்தது.

எங்கள் கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது வங்கி இல்லை. வங்கிக்குச் சொந்தக்காரக் கம்பெனி. ஹோல்டிங் கம்பெனி என்பார்கள். கீழே வங்கி உழைக்கும். டெபாசிட் வாங்கும், கடன் கொடுக்கும், லாபம் பார்க்கும். லாபத்தில் ஒரு பங்கை டிவிடெண்டாக மேலே எங்களுக்கு அனுப்பும். எங்களுக்கு வேறு வருமானமே கிடையாது. அந்தப் பணத்திலிருந்துதான் எங்கள் ஷேர்காரர்களுக்கு டிவிடெண்டும், எங்கள் பாண்டுகளை வாங்கியவர்களுக்கு வட்டியும் கொடுப்போம். கீழே குழாயை மூடினால் மேலே ஒரு சொட்டும் வராது. இது எனக்குத் தெரியும். தங்கைக்குத் தெரியாது. அவளைப் பொறுத்தவரை வருடா வருடம் மழை பெய்வதுபோல அது வந்துவிடும்.

என்ன வாங்கினாலும் அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவாள். நானும் விடாமல் போவேன். போய்க் குறை சொல்லிவிட்டு வருவேன். இது எங்களுக்குள் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஃப்ரிட்ஜ் வாங்கினாள், ரெண்டு பேருக்கு இவ்வளவு பெரிய பெட்டி எதற்கு என்றேன். பட்டுப்புடவை எடுத்தாள், அந்தப் பச்சை உன் நிறத்தை இன்னும் அமுக்கிவிடுகிறது என்றேன். வேலை நாளில் கார் பிடித்து, ரெண்டு பேருமாகப் பொன்முடி மலைக்குப் போய்விட்டு வந்து படங்கள் காட்டினாள். நான் அன்று முழுக்க அலுவலகத்தில் ஏசி பழுதாகிப் புழுங்கிக்கொண்டிருந்தேன். "வெறும் மூடுபனியாக்கும். என்னத்தப் பாத்தீங்க ரெண்டு பேரும்?" என்றேன். "ஆமா, ஒண்ணும் தெரியல்ல. ஆனா நல்லா இருந்துது" என்று சிரித்தாள். என் குத்தல் எதுவும் அவள்மேல் தைத்ததாகத் தெரியவில்லை. அதுவும் எனக்கு ஒரு குறைதான்.

இப்படி இருக்கும்போது கோட்டைப் பக்கத்தில் அந்த வீடு விலைக்கு வந்தது.

அது நாங்கள் சிறுவயதில் குடியிருந்த வீடு. குடியிருந்தோம் என்றால் பின்கட்டில், வாடகைக்கு. வீட்டுக்காரர்கள் முன்கட்டில் இருந்தார்கள். முன்வாசலை நாங்கள் உபயோகிக்கக் கூடாது. பக்கச் சந்தில், தண்ணீர்த் தொட்டியை இடித்துக்கொண்டு, ஒருக்களித்துத்தான் எங்கள் கதவுக்குப் போக வேண்டும். மழைக்காலத்தில் புத்தகப் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்தச் சந்தில் போகும்போதெல்லாம், ஒருநாள் இந்த வீட்டை விலைக்கு வாங்கி முன்வாசல் வழியாக நடந்து போவேன் என்று நினைத்துக்கொள்வேன். தங்கை அப்படி எதுவும் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவள் தொட்டியில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருப்பாள்.

அந்த வீட்டை அவள் வாங்கப்போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை வந்து, என் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்.

"நகை மொத்தத்தையும் அடகு வெச்சு அட்வான்ஸ் குடுத்திரலாம்னு இவரு சொல்லுகாரு. வெள்ளிக்கிழமை ஒப்பந்தம். மிச்சத்துக்கு ஹவுசிங் லோன். தவணைய பாண்டு வட்டியும் டிவிடெண்டும் கெட்டிரும் பாத்துக்க."

"லோன் கெடைக்கல்லேன்னா?"

"அட்வான்ஸ் போயிரும்னு எழுதியிருக்காவ. கெடைக்காம எங்க போவும்? வருசா வருசம் வருகதுதானே, நீதானே அனுப்புக."

நான் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுச் சுவரெல்லாம் ஓதம், கூரையைப் பிரித்து மேய வேண்டும், கார் நிறுத்த இடம் இல்லை, கோயில் உற்சவத்தின்போது தெருவில் நடக்க முடியாது என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். நறுக்கின வெண்டைக்காயில் பாதி வாயில் வைக்க முடியாதபடி முற்றல் என்பதைச் சாப்பிடும்போதுதான் கவனித்தேன்.

புதன்கிழமை மேலதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். வங்கிகளைக் கண்காணிக்கும் ரெகுலேட்டரிடமிருந்து உத்தரவு வந்திருந்தது. வங்கி கொடுத்த பெரிய கடன்கள் சில திரும்பி வரவில்லை. அதனால் வங்கியின் மூலதனம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அது மறுபடி தேறும்வரை வங்கி எங்களுக்கு டிவிடெண்ட் அனுப்பக் கூடாது. நாங்களும் முன் அனுமதி இல்லாமல் யாருக்கும் டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது. பாண்டுகளுக்கு வட்டியும் கொடுக்கக் கூடாது. பணம் வெளியே ஒழுகாமல் வங்கிக்குள்ளேயே இருக்க வேண்டும். டெபாசிட் போட்டவர்கள் பத்திரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தரவின் சாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போர்டு கூடும். அதன்பிறகு ஊருக்கு அறிவிப்பார்கள். அதுவரை உத்தரவைப் பார்த்த நாங்கள் சிலர் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் வேலை போவதோடு நிற்காது.

அவர் என் குடும்பத்தை அறிந்தவர். "அனியத்தியோடு போலும் பறயருது, கேட்டோ" என்றார். தங்கையிடம்கூடச் சொல்லக் கூடாது. அதை அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னார். நானும் வருத்தமாகத்தான் தலையாட்டினேன் என்று நினைக்கிறேன்.

என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது. என் சேமிப்பு எல்லாம் அந்த வங்கியில் சாதாரண டெபாசிட்டில்தான் கிடந்தது. ஷேர் வாங்க எனக்கு எப்போதும் தைரியம் இருந்ததில்லை. இப்போது பார்த்தால் என் டெபாசிட்டைக் காப்பாற்றுவதற்காக என் தங்கையின் டிவிடெண்டை நிறுத்துகிறார்கள். நாட்டில் எத்தனையோ சட்டம் இருக்கிறது. முதல்முறையாக ஒன்று என் பக்கம் நின்றது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் கையெழுத்துப் போட்டுவிடுவாள். சாயங்காலம் செய்தி வெளியே வரும். வருமானம் இல்லாதவருக்கு எவனும் வீட்டுக்கடன் கொடுக்கமாட்டான். வீடு போகும், அட்வான்ஸ் போகும், நகையும் போகும். ஒரு வார்த்தை சொன்னால் தடுத்துவிடலாம். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று சட்டம் சொன்னது. மனசும் அதையேதான் சொன்னது. அதற்கு முன்னாலும் பின்னாலும் என் வாழ்க்கையில் சட்டமும் மனசும் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் தங்கை போன் செய்தாள். ஒப்பந்தத்துக்கு முன்னால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும், நீயும் வா என்றாள். எங்கள் ஊரில் பழவங்காடியில் தேங்காய் உடைக்காமல் யாரும் எதையும் ஆரம்பிப்பதில்லை. பரீட்சை எழுதுகிறவனும் உடைப்பான், கடை திறக்கிறவனும் உடைப்பான். அலுவலகம் விட்டு நேராகப் போனேன்.

அவள் அந்தப் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கழுத்தில் ஒன்றும் இல்லை. ஒரு மஞ்சள் கயிறு மட்டும். தாலிச் சங்கிலி உட்பட எல்லாவற்றையும் அன்று காலையில் அடகு வைத்தாயிற்று. நான் பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. "ஒனக்கு இந்தப் பச்ச நல்லா இருக்கு" என்றேன். தேங்காய் வாங்கும் இடத்தில் கூட்டம். நானே நெருக்கிப் புகுந்து அவளுக்கும் சேர்த்து வாங்கி வந்தேன். காசை அவள் நீட்டியபோது வேண்டாம் என்றேன். வரிசையில் நிற்கும்போது வீட்டைப் பற்றிப் பேசினாள். முன்கட்டில் எந்த அறையை என்ன செய்யப்போகிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். "நல்ல வீடாக்கும். காத்து வரும்" என்றேன். அவள் கணவரைப் பற்றியும் ஏதோ நல்லதாக ஒன்று சொன்னேன். அவள் நெற்றியில் வேர்த்திருந்தது. என் கைக்குட்டையால் துடைத்துவிட்டேன். அதெல்லாம் நடிப்பு இல்லை. உண்மையாகவே அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் அப்போது இல்லை. வயிறு நிறைந்தவன் ஊரை உபசரிப்பதுபோல இருந்தேன்.

எங்கள் முறை வந்தது. நான் என் தேங்காயை ஓங்கி உடைத்தேன். நன்றாகச் சிதறியது. அவள் உடைக்கவில்லை. தேங்காயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"என்ன, ஒடைக்கல்லியா?"

"யக்கா, நீ இண்ணைக்கி ஒரு கொறையும் சொல்லல்லியே."

"கொற இருந்தாத்தானே சொல்லுகதுக்கு."

அவள் என் கையைப் பிடித்து ஓரமாக, செருப்பு விடும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"எனக்குக் கரு கலைஞ்சப்ப ஆஸ்பத்திரியில நீ இப்படித்தான் இருந்த. தல வாரிவிட்ட. மூஞ்சி தொடச்சுவிட்ட. ஒரு குத்துப் பேச்சு இல்ல. அதுக்குப் பெறவு இண்ணைக்கித்தான் பாக்கேன்."

நான் ஒண்ணும் சொல்லல்லியே என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

"நீ ஒண்ணும் சொல்லல்ல. சொல்லவும் வேண்டாம். ஒனக்க வேலைக்கி ஒண்ணும் வராது. ஒரு ஷேரையும் நான் விக்கமாட்டேன். நாளைக்கிக் கையெழுத்து மட்டும் போடல்ல. அவ்வளவுதான்."

தேங்காயைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சட்னிக்கு ஆகும் என்றாள். ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். பயம் ஒரு பக்கம். ஒரு வார்த்தையும் பேசாமல் ஒருத்தி ரகசியத்தைக் கொட்டிவிட முடியும் என்று எந்த விதிமுறையிலும் எழுதியிருக்கவில்லை. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. என் ஆயுளில் ஒரே ஒரு முறை அவளைவிட உயரமாக நின்றேன். அந்த இரண்டு நாள் சந்தோஷத்தையும் அவள் என் முகத்திலிருந்தே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் அன்று இருந்தது சந்தோஷத்திலா, பரிதாபத்திலா என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அவள் பரிதாபம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் என்றுதான் ஞாபகம். இரண்டுக்கும் முகம் ஒன்றுபோலத்தான் இருக்கும்போல.

வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்துப் போடவில்லை. கணவருக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் அறிவிப்பு வந்தது. மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் இருந்தது. திங்கட்கிழமை மேலதிகாரி எங்கள் எல்லோரிடமும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கினார். அறிவிப்புக்கு முன்னால் யாரிடமும் இதைப் பற்றிப் பேசவில்லை என்று அதில் இருந்தது. போட்டேன். அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

வீட்டை ஒரு லாட்ஜ்காரர் வாங்கி இடித்துவிட்டார். நகைகள் அடகிலிருந்து திரும்பின. ஆனால் டிவிடெண்டும் வட்டியும் திரும்பவில்லை. வங்கி இன்னும் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்டு எழுதுகிறோம், இல்லை என்று பதில் வருகிறது. தங்கையின் கணவர் இந்த வயதில், சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரியிடம் கணக்கெழுதப் போகிறார். தங்கை வீட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். பட்டுப்புடவை எடுப்பதில்லை, பொன்முடி இல்லை. கணக்குப்படி என் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. கடையிலிருந்து வரும்போது அந்த மனிதர் அவளுக்குத் தினமும் ஏதாவது பொட்டலம் கட்டிக்கொண்டு வருகிறாராம். தட்டை இப்போதும் கழுவுகிறாராம். ரெண்டு பேரும் பஸ்ஸில் போகிறார்கள். பஸ்ஸிலும் சிரித்துக்கொண்டுதான் போகிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். என் மகள் பெங்களூரிலிருந்து அனுப்பிய புது வாஷிங் மிஷினைக் காட்டினேன். என் சம்பளம் உயர்ந்ததைச் சொன்னேன். ஓய்வு பெறும்போது கைக்கு என்ன வரும் என்பதையும், யாரும் கேட்காமலே, சொன்னேன். அவள் சாம்பாரைச் சோற்றில் பிசைந்துகொண்டே, "நல்லது, நல்லது" என்றாள். குரலில் ஒரு பிசிறு வருமா என்று பார்த்தேன். வரவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன்.

"ஒனக்கு என்மேல எப்பமாவது பொறாம வந்திருக்கா?"

அவள் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தாள். என்னைத் திருப்திப்படுத்துவதற்காக ஏதாவது ஒன்றை நினைவிலிருந்து தேடி எடுக்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. நான் காத்திருந்தேன். ஒன்றும் கிடைக்கவில்லைபோல. "இல்லியே யக்கா" என்றாள்.

"ஒரு தடவகூடவா?"

"எதுக்கு?" என்று கேட்டாள்.

அவள் குத்திக் கேட்கவில்லை. அவளுக்குக் குத்தத் தெரியாது. உண்மையிலேயே தெரிந்துகொள்வதற்காகத்தான் கேட்டாள். சோற்றுக் கையோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். நான் ரசம் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போனேன்.